நடுச்சானலில் ஒரு மனு

எங்கள் தொகுதியில் எம்.எல்.ஏ.வைக் கண்டு பயப்படாத ஒரே ஜீவன் அண்டியாபீஸ் அக்காதான். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அண்டியாபீஸ் என்போம். அக்கா அங்கே கொட்டை உடைப்பவள். தொகுதியில் எல்லோரையும் கண்டு பயப்படும் ஜீவனும் ஒன்று உண்டு. ரோட்டோரத்தில் கல்யாணக் கார்டு அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறது. நான்தான்.

எங்கள் தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால், எங்கள் பேச்சில் சானல். மழையில் சானல் பாலம் இடிந்ததிலிருந்து எங்கள் தெருவுக்குள் ஆட்டோ வராது. இரண்டு தென்னந்தடிகளைச் சேர்த்துப் போட்டு நடந்துகொண்டிருந்தோம். அக்காவின் புருஷனுக்குப் பக்கவாதம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, அக்காவும் ஆலைப் பெண்கள் மூன்று பேருமாகத் தடிமேல் தூக்கி நடந்து ரோட்டுக்குக் கொண்டுவருவார்கள்.

பாலம் கேட்டு எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுத அக்கா என் கடைக்குத்தான் வருவாள். அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்க வேண்டும். 'மாண்புமிகு' என்று ஆரம்பித்தால் கையைத் தட்டிவிடுவாள்.

"அது பாலம் கெட்டின பொறவு போட்டுக்கிடலாம். இப்பம் வெறும் பேரு போதும்."

அதற்குப் பிறகு வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் அடிப்பேன். 'உமக்கு ஓட்டுப் போட்ட விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியாச்சு' என்பது அவற்றில் சாதுவான வரி. ஒவ்வொரு மனு போன பிறகும், போலீஸ் ஜீப் வந்தால் கிளம்ப வசதியாக இருக்கட்டுமென்று சட்டையைக் கழற்றாமலே படுப்பேன். ஜீப்பும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

ஒருநாள் அக்கா கடையில் உட்கார்ந்து கல்யாணக் கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.எல்.ஏ. எந்தக் கல்யாணத்துக்காவது வராமல் இருந்திருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை. யார் வீட்டுக் கல்யாணமானாலும் சால்வையோடு வந்து நிற்பார்.

"அப்பம் மனுவக் கார்டுல அடி, மக்கா. பேடிக்காத."

உள்ளே அச்சானது, 'இடிந்த பாலத்தின் ஆண்டு விழா. வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறோம்.' அதில் ஒரு பொய் கிடையாது. ஆனால் கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு கொண்டுபோய் வைத்தாள். உதவியாளர் மஞ்சளைப் பார்த்தார். தேதியும் இடமும் கேட்டு டைரியில் குறித்தார். கவரைப் பிரிக்கவே இல்லை.

விழாவன்று கடையை அடைத்துவிட்டுப் பூவரச மரத்தின் பின்னால் ஒளிந்தேன். மரம் ஒல்லி. நான் அப்படியில்லை. காரிலிருந்து இறங்கிய எம்.எல்.ஏ. முன்னால், பட்டுத்துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள் அக்கா. பந்தல் அக்கரையில் இருக்கிறது, தூக்கிப் போகிறோம் என்றாள். தமக்கு மாப்பிள்ளை மரியாதை என்று அவருக்கு ஒரே பூரிப்பு. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். தூக்க வேண்டியவர்களில் ஒருத்தியைக் காணோம். அக்காவின் கண் நேராக மரத்துக்கு வந்தது.

"ஏலே, வெளிய வா. பின்னங்காலைப் பிடி."

நடுச்சானலில் அக்கா நின்றாள். நாங்களும் நின்றோம். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது.

"சாரே, இப்பிடித்தான் எங்க வீட்டுக்காரரு ஆசுவத்திரிக்குப் போறாரு. எழுதி எழுதி அனுப்பினேன், நீங்க படிக்கல்ல. இப்பம் வாயால சொல்லுகேன், கேக்கியளா?"

என் முழங்கால் நடுங்கியது. நடுக்கம் நாற்காலிக்கு ஏறி, அங்கிருந்து எம்.எல்.ஏ.வுக்கு ஏறியது. அதை அவர் எங்கள் திட்டத்தில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டார்.

"கேக்கேன் அம்மா. மெள்ள, மெள்ள."

அக்கா முதல் மனுவிலிருந்து ஆரம்பித்தாள். சோப்பு வரியையும் விடவில்லை.

அடுத்த மழைக்கு முன் பாலம் வந்துவிட்டது. அதில் ஓடிய முதல் ஆட்டோ என் கடை முன்னால் வந்து நின்றது. உள்ளே அக்காவும் புருஷனும். ஆஸ்பத்திரிக்கா என்று கேட்டேன்.

"இல்ல மக்கா, வட்டக்கோட்டைக்கு. சும்மா, கடல் பாக்க. இவரு வீட்டை விட்டு எறங்கினா ஆசுவத்திரிதான்னு ஆயிப்போச்சு பாத்தியா."

அந்த மனுஷன் ஒரு பக்க வாயால் சிரித்தார். அக்கா காற்றடிக்காமல் அவர் காதைத் துண்டால் மூடிக் கட்டினாள். ஆட்டோ வளைவில் மறையும்வரை வாசலில் நின்றேன். தெருவுக்கு ஒருத்தி இப்படி வேண்டும். எங்கள் தெருவுக்கு வேறு யாரும் வேண்டாம். இவளே நெடுநாள் இருக்கட்டும்.