உவமையண்ணனும் உடைந்த கோப்பைகளும்

மழை வந்தால் குடை தேடுகிறவர்கள் உண்டு. கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவர்கள் உண்டு. குடையும் தேடாமல், துணியையும் எடுக்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, இந்த மழை நமக்கு என்ன சொல்லுது?" என்று ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. துணி அதுபாட்டுக்கு நனைந்துகொண்டிருக்கும். அதிலும் அவர்களுக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

இந்த இனத்தை நீங்கள் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. உங்கள் சபையில் கட்டாயம் ஒருவர் இருப்பார். நீங்கள் சபைப்பக்கம் போகாத ஆளாக இருந்தால், விடிந்தும் விடியாததுமாக உங்கள் கைபேசியில் வந்து விழுவார். எறும்பைப் பார்த்தால் உழைப்பு, பல்லியைப் பார்த்தால் விழிப்பு, உதிர்ந்த இலையைப் பார்த்தால் வாழ்க்கையின் நிலையாமை, உதிராத இலையைப் பார்த்தால் அசையாத விசுவாசம். படிக்கட்டில் வழுக்கி விழுந்தவரைப் பார்த்தால், பெருமை எப்படி வீழும் என்று இரண்டு வார்த்தை. கெட்டவர்களா? இல்லவே இல்லை. விழுந்தவரைத் தூக்கிவிடத்தான் போகிறார்கள். பேசி முடித்த பிறகு.

இப்படிப் பொதுவாகவே சொல்லிக்கொண்டு போனால், யாரையோ சொல்கிறான் என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அதனால் ஒருவரைக் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

இவருக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. சபையில் எல்லோரும் கூப்பிடுவது உவமையண்ணன். ஆள் நல்ல உயரம், நல்ல குரல், அதைவிட நல்ல மனசு. இவர் இனத்தில் மற்றவர்களுக்கெல்லாம் இல்லாத ஒரு வசதி இவருக்கு உண்டு. மற்றவர்கள் ஆரம்பித்தால் கேட்கிறவர் எழுந்து போய்விடலாம். இவரிடம் கேட்கிறவர் சீட் பெல்ட் போட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, எங்கே பஸ் வந்து இடிக்குமோ என்று வியர்த்துக்கொண்டிருப்பவர். எங்கே போவார்?

ரிவர்ஸ் கியர் போட்டால் மனந்திரும்புதல். நியூட்ரலில் நின்றால் அனலும் குளிருமில்லாத கிறிஸ்தவ வாழ்க்கை. பக்கக் கண்ணாடியில் தெரியாத மூலை ஒன்று இருக்கிறதே, அது நம் இரகசிய பாவம். இவருடைய காலுக்கடியில் கூடுதலாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் அழுத்துவார். அதுதான் இவருடைய ஆகச்சிறந்த உவமை. "ஸ்டியரிங் உங்க கையிலதான் இருக்கு. ஆனா இன்னொரு பிரேக் இன்னொருத்தர் காலடியில இருக்கு. அவர் தூங்க மாட்டார்." சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும்.

அவரிடம் கற்றுக்கொள்ள ஒரு பல் மருத்துவர் வந்தார். வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடம் பேசிப் பேசியே பழகிய மனிதர். பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருப்பது எப்படியிருக்கும் என்று முதல் வகுப்பிலேயே தெரிந்துகொண்டார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. காத்திருத்தலின் மகிமையைப் பற்றி அண்ணன் ஆரம்பித்தார். விளக்கு பச்சையானது. மருத்துவர் கியரைத் தொட்டார். "ஒரு நிமிஷம், முக்கியமான இடம்" என்று அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் ஒரு லாரி, இரண்டு கார், எத்தனையோ ஸ்கூட்டர் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. "கேளுங்க," என்றார் அண்ணன் அமைதியாக. "பொறுமையில்லாத உலகம்."

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். கணவனை இழந்த ஒரு பெண்மணி, கணவர் விட்டுப்போன காரை ஓட்டப் பழக வந்தவர், முதல் நாள் சாவியைத் திருகிவிட்டு அழுதுவிட்டார். அண்ணன் அந்த இரண்டாவது பிரேக் கதையை அவருக்கு மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இன்றைக்கு ஊரெல்லாம் ஓட்டுகிறார். அண்ணனுக்குப் பாடங்கள் கிடைப்பது பொய்யில்லை. எந்நேரமும் கிடைத்துக்கொண்டே இருக்கிறதே, அதுதான் தொல்லை.

வீட்டில் அவருடைய மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருந்தார்கள். மகள் சிறுமியாக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்து நின்றாள். விழுந்தால் எழுவது எப்படி என்று அப்பா சொல்லி முடித்த பிறகுதான் மருந்து வந்தது. இப்போதெல்லாம் அப்பா தொண்டையைச் செருமினாலே, "சுருக்கமா சொல்லுங்கப்பா, வசனம் மட்டும் போதும்" என்று சொல்லிவிடுவாள். மனைவி அப்படிச் சொல்வதில்லை. அவர் தையல்காரர். நீளம் குறைப்பது, இடுப்பு பிரிப்பது, ஜிப் மாற்றுவது என்று பக்கத்து அறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே எவ்வளவு காதில் விழுந்தது என்று அவர் சொன்னதுமில்லை, அண்ணன் கேட்டதுமில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு நாள் காலையில் ஒரு கோப்பை உடைந்தது.

மனைவி கழுவிக்கொண்டிருந்தார், நழுவிவிட்டது. கை வழுக்கிடுச்சு என்றார். அண்ணன் ஓடிவந்து, ஜாக்கிரதையாக எல்லாச் சில்லையும் பொறுக்கி, குப்பையில் போடாமல் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். ஒளியில் ஒரு சில்லைப் பிடித்துப் பார்த்தபோதே அவருக்கு ஏதோ தோன்றிவிட்டது. அடுத்த வாரம் இன்னொன்று உடைந்தது. அதற்கப்புறம், அவருக்குப் பிடித்த நீலக்கரை போட்ட கோப்பை. ஒவ்வொன்றும் துணிப்பைக்குள் போயிற்று. மனைவி பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் குடிக்க ஆரம்பித்தார். தாழ்மையுள்ள பாத்திரம் என்று அதற்கும் ஒரு சிந்தனை. ஒரு சாயங்காலம் ஊசியில் நூல் கோத்துத் தரச் சொன்னார். இத்தனை வருடத்தில் கேட்காத உதவி. அண்ணன் சந்தோஷமாகக் கோத்துக் கொடுத்தார். ஊசிக் காதைப் பற்றிப் பேச அவருக்கு எவ்வளவு இருந்தது. அத்தனையும் பேசிவிட்டுத்தான் எழுந்தார்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அவருக்குப் புரியவில்லை.

அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்துக்கு ஏறுவதற்கு முன்னால் யாராவது ஒருவர் சின்னதாக ஒரு சிந்தனை சொல்வது வழக்கம். கீபோர்டு வாசிக்கிற தம்பி அந்த நேரத்தில் கன்னத்தில் கைவைத்துக் கண்ணயர்வார். அந்த வாரம் அண்ணனுடைய முறை. மேடையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, பையிலிருந்த சில்லுகளை அதன்மேல் கொட்டினார். கீபோர்டு தம்பியே விழித்துக்கொண்டார்.

"இதெல்லாம் எங்க வீட்டுக் கோப்பை. யார் உடைச்சதுன்னு மட்டும் கேட்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கேட்கத் தேவையில்லாதபடி மனைவி உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசையைப் பார்த்தார். சபை சிரித்தது. பிறகு மெதுவாக விஷயத்துக்குள் போனார். உடைந்ததை உலகம் கூட்டித் தள்ளும். ஆண்டவர் குனிந்து பொறுக்குவார். ஒரு சில்லைக்கூட விடமாட்டார். உண்மையிலேயே நன்றாகத்தான் பேசினார். நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனைவி உதட்டால் சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். வலதுகை கைப்பைக்கு அடியில் இருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, இனிமே உங்களுக்கு இரும்புக் கோப்பைதான் வாங்கித் தரணும் என்று தோளைத் தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி உடை மாற்றப் போகவில்லை. மெஷினுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நல்லா பேசுனீங்க," என்றார்.

அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. ஆண்டவருக்கே மகிமை என்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கோப்பையெல்லாம் ஏன் உடைஞ்சுது?"

அண்ணனிடம் மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. மூன்றும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. வாயைத் திறந்தார். மனைவி தலையசைத்தார்.

"அது இல்லைங்க. ஏன் உடைஞ்சுது?"

வலதுகையை மெஷின் மேஜையில் மல்லாக்க வைத்தார். கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் மாதக் கணக்காகிறது என்றார். படுத்தால் ஊசி குத்துவதுபோல் எரிகிறதாம். தூக்கம் கலைந்து கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். உண்மையான ஊசி குத்தினால் தெரிவதில்லை. துணியில் இரத்தம் பட்ட பிறகுதான் தெரிகிறது. ஒருவருடைய வெள்ளைக் கோட்டில் அப்படிப் பட்டு, அதைத் துவைத்துத் துவைத்துக் கொடுத்திருக்கிறார். இனிமேல் தைக்கவே முடியாமல் போய்விடுமோ என்று அந்த மெஷினைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்றார். எல்லாவற்றையும், யாரோ வாடிக்கையாளருடைய அளவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றார் அண்ணன்.

"சொல்லலாம்னு எத்தனையோ தடவை வந்தேன். சொன்னா அதுவும் பாடமாயிடும்னுதான் திரும்பிட்டேன்." மனைவி கையைத் திருப்பி வைத்தார். "எனக்கு வலிக்குதுங்க. அவ்வளவுதான். அது எதுக்கும் உதாரணமா இருக்க வேண்டாம்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் உள்ளே வரவில்லை. அப்பா என்ன சொல்லப்போகிறாரோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தார்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"கொஞ்சம்."

அவர்களுக்குக் கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் கேட்டு அந்த அம்மாள் பதில் சொன்னது அன்றைக்குத்தான் அதிகம்.

மறுநாள் வகுப்புகள் எல்லாம் ரத்து. பல் மருத்துவருக்குத் தகவல் சொன்னபோது அவர் வருத்தப்பட்ட மாதிரி காட்டிக்கொண்டு, கை எலும்பு நரம்பெல்லாம் பார்க்கும் தன் நண்பரான ஒரு மருத்துவரிடம் அவரே பேசி நேரம் வாங்கிக் கொடுத்தார். மகளையும் சேர்த்து மூவருமாகப் போனார்கள். அந்த மருத்துவர் கையைத் தட்டிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, சின்ன அறுவை சிகிச்சைதான், மறுபடி தைக்கலாம் என்றார். மனைவி அதைக் கேட்டதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பிறகு மருத்துவர் ஒரு படத்தை எடுத்து விளக்கினார்.

"மணிக்கட்டுல ஒரு இடுக்கமான வழி இருக்கு. நரம்பு அது வழியாத்தான் போயாகணும். வேற வழியே கிடையாது."

நீங்களே சொல்லுங்கள், ஒரு மனிதனை இதற்கு மேலும் சோதிக்கலாமா? வேதத்தில் வருகிற அதே இடுக்கமான வழி. வேறு வழியே கிடையாது. அண்ணனுக்குக் காது சிவந்தது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலதுகால், காரில் அந்தக் கூடுதல் பிரேக் இருக்கும் இடத்தில், தரையைப் பலமாக அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டு தடவை இருமினார். "எப்ப பண்ணலாம் டாக்டர்?" என்றார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கட்டு இருந்தவரையில் அண்ணன்தான் பாத்திரம் கழுவினார், துணி மடித்தார், மனைவிக்குத் தலைகூட வாரிவிட்டார், கோணலாகத்தான் வந்தது. சோப்பு நுரையைப் பார்த்து அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்ற நாட்கள் உண்டு. உள்ளே என்ன ஓடியதோ, வெளியே வரவில்லை.

மறுபடியும் அவர் முறை வந்தது. கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் மேடை ஏறினார். எதைக் கொட்டப் போகிறாரோ என்று முன்வரிசை கழுத்தை நீட்டியது.

"போன தடவை நான் சொன்ன கோப்பையெல்லாம் உடைஞ்சது, என் மனைவிக்குக் கை மரத்துப்போனதால. எனக்கு அது தெரியல. அவங்களைக் கேட்காமயே இங்க வந்து சொல்லி உங்களைச் சிரிக்க வெச்சேன். தப்பு. ஆபரேஷன் ஆகியிருக்கு. அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க."

இறங்கிவந்து மூன்றாவது வரிசையில் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று எதிர்பார்க்காத கீபோர்டு தம்பி தூக்கத்திலேயே இருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் மெதுவாக ஜெபிக்க ஆரம்பித்தது. அந்தப் பழைய காரை ஓட்டிக்கொண்டு வருகிற பெண்மணி. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சபையென்றால் அப்படி விட்டுவிடுமா? வாசலில் பாடகர் குழுத் தலைவர் அண்ணனுடைய இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, என்ன ஒரு செய்தி, சொல்லாமல் சொல்லிவிட்டீர்களே, மௌனமும் ஒரு பிரசங்கம்தான் என்றார். சாயங்காலம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. யாருடைய கையோ, அதில் ஒரு கட்டு, பின்னால் சூரிய உதயம், மேலே கொட்டை எழுத்தில்: மரத்துப்போன இதயங்கள், மூன்று சிந்தனைகள். கீழே வரிசையாக ஆமென்.

அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ நீளமாகத் தட்டினார். நிறுத்தினார். அழித்தார்.

"என்ன எழுதுனீங்க?" என்றார் மனைவி.

"நாலாவது சிந்தனை."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில், படித்துக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்து எட்டிப்பார்த்தாள்.

சரி, அவர் கதை இருக்கட்டும். உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, ஆக இதிலிருந்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியது என்னவென்றால், என்று உங்கள் மனதுக்குள் ஒரு குரல் ஆரம்பித்ததா? இது இன்னாருக்கு ரொம்பப் பொருந்தும், அனுப்பிவைக்கலாம் என்று ஒருவருடைய பெயர்கூட வந்துவிட்டதா? எந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதை வைத்துக்கொள்ளலாம் என்றும் பார்த்துவிட்டீர்களா? பயப்படாதீர்கள், உங்களுக்கு நிறையக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். அனுப்புவதற்கு முன்னால், உங்கள் வீட்டில் யாராவது கொஞ்ச நேரமாக உங்களிடம் எதையோ சொல்ல வந்து, நீங்கள் தலை நிமிர்வதற்காக நின்றுகொண்டிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இதை நான் பாடமாகச் சொல்லவில்லை. சொல்லிவிடக் கூடாது என்றுதான் கடைசி வரி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.