தர்ஷன் விடாத கோல்

தர்ஷன் மூன்று கோல் அடிப்பான் என்று வீரய்யா தேயிலைத் தோட்டத்துக்கே வாக்குக் கொடுத்துவிட்டார். தர்ஷனைத்தான் கேட்கவில்லை.

அடுத்த லயத்து வரிசை வீட்டில் இருக்கும் பிள்ளை. ஹட்டன் காலேஜ் ஃபுட்பால் டீமில் இரண்டு வருடமாகப் பெஞ்சைத் தேய்த்தவன். வருகிற சனிக்கிழமைதான் முதல்முறையாகக் களத்தில் இறங்குகிறான். அவன் ஆடி வீரய்யா பார்த்ததில்லை, காலைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு நீளக் கால் கோல் அடிக்காமல் வேறென்ன செய்யும்? காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒன்று என்று தொடங்கியது, ரிஸ்வியின் கடையில் பிளேன்டீ ஆறுவதற்குள் மூன்றாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல். சனிக்கிழமைக்குப் பிறகு ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் வீரய்யா வீட்டில் விறகு வெட்டும் நாள். கத்தியும் கயிறுமாகப் புருஷனும் பெண்டாட்டியும் மலை ஏற வேண்டும்.

அவர் பெண்டாட்டி ராசம்மா வாசலில் உட்கார்ந்து தடித்த கையுறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரோடது?"

"தர்ஷனோடதுங்க. விரலு பிஞ்சிருச்சாம். அவங்கம்மா கொழுந்தெடுக்கிற எடத்துல குடுத்தாங்க."

"புள்ளைக்குக் குளிருது போல."

ராசம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "குளிரத்தானே செய்யும்."

"இனிமே ஞாயித்துக்கெழம நான் மேட்சுக்குப் போகணும், ராசம்மா."

"போங்களேன். ஒரு பந்தயம். சனிக்கெழம அவன் ஒரு கோல்கூட விடமாட்டான். விட்டா வெறகு என் வேல. விடலன்னா உங்க வேல. ஜெயிச்சவங்க மேட்சுக்குப் போகலாம்."

வீரய்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உதை விட்டான், அறை விட்டான் என்பதுபோல கோலையும் விடுகிறாள். 'அடிப்பது' என்றுகூடச் சொல்லத் தெரியாதவளிடம் பந்தயம் கட்டுவது பாவம்தான். ஆனாலும் கட்டினார்.

"விடுவான் பாரு. ஒண்ணில்ல, மூணு."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"முருகன் மேல சத்தியம்."

சனிக்கிழமை இருவரும் மைதானத்துக்குப் போனார்கள். தர்ஷன் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு நேரே கோல் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றான். சும்மா நிற்கிறான் என்று நினைத்தார் வீரய்யா. விசில் ஒலித்தது. அவன் நகரவில்லை.

"என்னடி, அங்கேயே நிக்கிறான்?"

"கோல்கீப்பரு வேற எங்கங்க நிப்பான்?"

வீரய்யாவுக்குக் கோல் விடுவது என்றால் என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

பரவாயில்லை, ஒரே ஒரு பந்து உள்ளே போனால் போதும். ஞாயிறெல்லாம் அவருடையது. இரண்டு பந்து வந்தது. இரண்டையும் தர்ஷன் பாய்ந்து பிடித்தான். காலேஜ் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடத்தில் எதிர் டீமுக்கு பெனால்டி கிடைத்தது. முருகன் கண்ணைத் திறந்துவிட்டான் என்று வீரய்யா கையெடுத்துக் கும்பிட்டார். உதைக்கிறவன் ஓடி வந்தான். என்ன ஆனதோ, வீரய்யா வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"விடாதடா தர்ஷா!"

தர்ஷன் விடவில்லை. ஊரே துள்ளியது. எல்லோரையும்விட உயரமாகத் துள்ளியவர் வீரய்யா; அழுகைகூட வந்துவிட்டது.

"நீங்க சொன்ன மூணும் வந்துச்சுங்க," என்றாள் ராசம்மா. "ஒண்ணயும் விடல."

மறுநாள் காலை அவள் நல்ல சேலை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு மேட்சுக்குக் கிளம்பினாள். வாசலில் கத்தியும் கயிறும் தயாராக இருந்தன. பக்கத்தில் அந்தப் பழைய கையுறை.

"தர்ஷனுக்குப் புதுசு குடுத்துட்டாங்களாம். இத நீங்க போட்டுக்கங்க," என்றாள். "குளிருக்கு இல்ல, முள்ளுக்கு."