உதிரிப்பாகம் எண் 412

மன்னார் டெனிஸ்டன் பாரிசுக்கு வந்து பதினோரு வருஷம். அதற்குள் மூன்று தரம் அகதி விசா கேட்டான்; மூன்று தரமும் இல்லையென்று பதில் வந்தது. "தங்கள் கதை மற்றவர்கள் சொல்லும் கதைகளைப் போலவே இருக்கிறது. ஆகவே நம்புவதற்கில்லை" என்று கடிதம் மிகுந்த மரியாதையோடு தெரிவித்தது. ஒரே ஊரில் ஒரே ஷெல் குண்டு விழுந்தால் எல்லாருக்கும் ஒரே கதைதான் இருக்கும் என்று அவர்களுக்கு யார் போய்ச் சொல்வது? கலியாணமாகி மூன்றாம் மாதம் அவன் விட்டுவந்த மனைவி ஷிரோமி, "எப்ப என்னைக் கூப்பிடுவியள்?" என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் வேலை செய்தது பாரிஸ் புறநகரான ஸ்தேனில், பத்திநாதரின் கராஜில். பத்திநாதர் நம்மவர் கலியாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். முதலில் மாப்பிள்ளைகள் வெள்ளைக் குதிரை வண்டியில் வந்தார்கள். பிறகு ரயில்பெட்டி நீளத்தில் வெள்ளைக் காரில் வந்தார்கள். அதுவும் சலித்து, இப்போது அமெரிக்கப் பழைய கார். அது உறுமினால் மேளச்சத்தம் கேட்கக்கூடாது என்பது பெண்வீட்டாரின் நிபந்தனை.

அதிலும் சாதாரணக் கார் ஆகாது. 1969இல் அமெரிக்காவில் ஒரு கார் வியாபாரி, கம்பனி அனுப்பிய கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிட இரண்டு மடங்கு எஞ்சினைப் பூட்டி விற்றாராம். மொத்தம் பதினேழு கார். அதில் ஒன்றை இன்று வாங்குவதற்கு பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பாதியை விற்க வேண்டும். ஆகவே பத்திநாதர், பதினெட்டாவதைச் செய்யும்படி டெனிஸ்டனிடம் சொல்லிவிட்டார்.

இரண்டு வருஷம் செய்தான். உடம்பு பெல்ஜியத்தில் கிடைத்தது, எஞ்சின் சுவீடனில் கிடைத்தது. பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து, அந்த வியாபாரி அவசரத்தில் கோணலாகப் பூட்டிய திருகாணியைக்கூட அதே கோணலில் பூட்டினான். ஆனால் அத்தனை பழைய கார் பாரிசுக்குள் ஓடுவதற்கு, அபூர்வ வாகனங்களுக்கான உயர் அவையின் சான்றிதழ் தேவைப்பட்டது.

அதற்காக லூர்துசாமியிடம் போனார்கள். அவர் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்கத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றபின், லாச்சப்பலில் ஒரு சேலைக் கடையின் பின்னறையில் ஊராருக்கு விண்ணப்பம் எழுதுகிறார்.

"நகல் எண்டு உண்மையை எழுதுங்கோ ஐயா" என்றான் டெனிஸ்டன்.

"உண்மையா? உங்க விசா தொசியேல மூணு தரம் உண்மையத்தான் எழுதினோம். என்ன ஆச்சு? சரி, காருக்காவது பலிக்குதான்னு பாப்போம்."

உயர் அவையின் அதிகாரி ஆனைஸ் அம்மையார் நேரில் வந்து காரை விசாரித்தார். லூர்துசாமி மொழிபெயர்த்தார்.

"எங்கே பிறந்தது?"

"தெரியாது மதாம். கனக்க நாட்டுச் சாமான்."

"பிறந்த திகதி?"

"அதுவும் தெரியாது."

அம்மையார் முகம் சுளிக்காமல் 1969 ஜனவரி ஒன்று என்று எழுதினார். "இது அசலா?"

"இல்லை மதாம், நகல்."

"அந்தப் பதினேழும் கம்பனி செய்தபடியே இருந்தனவா?"

"இல்லை. வியாபாரி மாத்தினவர்."

"அப்படியானால் அசலே அசல் அல்ல. இதுவோ அதை ஒளிக்காத நகல்." அம்மையார் கோணல் திருகாணியை அளந்து பார்த்தார். "மற்றப் பதினேழைப் போலவே இருக்கிறது. ஆகவே நம்பத்தக்கது."

மற்றவர்களைப் போல இருந்ததற்காக டெனிஸ்டனைத் தள்ளிய நாடு, மற்றவற்றைப் போல இருந்ததற்காக அவன் செய்த காரை வரவேற்றுக் கைகொடுத்தது. பத்திநாதர் கைதட்டினார்.

அம்மையார் பாகங்களைப் பட்டியலிடத் தொடங்கினார். "கார்புரேட்டரைச் சரிசெய்வது யார்?"

"நான்தான். ஒவ்வொரு நாளும் காது வைச்சுக் கேட்டுத் திருத்தோணும். வேறை ஆக்கள் தொட்டால் ஓடாது."

"நீங்கள் இல்லாமல் ஓடாதா?"

"ஓடாது."

"அப்படியானால் நீங்களும் இதன் பாகம்." எண் 411, ரேடியேற்றர் மூடி. எண் 412, டெனிஸ்டன் என்று எழுதினார். "பட்டியலில் உள்ள எதையும் பிரான்சைவிட்டு அகற்றுவது சட்டப்படி குற்றம்."

லூர்துசாமி மொழிபெயர்ப்பை மறந்து கத்தினார். "தம்பி, இனிமே உங்கள யாரும் நாடு கடத்த முடியாது!"

"ஆனால் பாகங்கள் வாகனத்தின் காலத்தவையாக இருக்க வேண்டும்" என்றார் அம்மையார். "இவர் 1985."

"அதையும் ஜனவரி ஒண்ணு, அறுபத்தொம்பதுன்னு போட்டுடுங்க மதாம்" என்றார் லூர்துசாமி.

நாற்பது வயதில் உட்கார்ந்திருந்த டெனிஸ்டன் ஐம்பத்தாறு வயதில் எழும்பினான். "கவலைப்படாதை தம்பி, பழசானால்தான் மதிப்பு" என்று பத்திநாதர் ஆறுதல் சொன்னார்.

செய்தி பரவிய மறுநாள் சேலைக் கடை வாசலில் சனம் முண்டியடித்தது. "அண்ணை, பின் சீற்றிலை ஏதும் இடமிருக்கோ?" என்றார் ஒருவர். "பதினைஞ்சு வருஷம் ரெஸ்ரோரண்ட் குசினிப் புகைக்குள்ளை நிண்டனான். என்னைச் சைலன்சருக்குப் போடுங்கோ" என்றார் இன்னொருவர். நல்ல விசா உள்ளவர்களும், ஊரெல்லாம் போகிறதே என்று வந்து நின்றார்கள். அடியில் உருளும் சில்லாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. ஸ்டியரிங்குக்கு மட்டும் நான்கு சங்கத் தலைவர்கள் விண்ணப்பித்திருந்தார்கள்.

டெனிஸ்டன் தன் மனைவியை வருவிக்கலாமா என்று கேட்டு அம்மையாருக்கு எழுதுவித்தான். உதிரிப்பாகத்துக்குக் குடும்பம் என்று ஒன்று சட்டத்தில் இல்லை. ஆயினும் காருக்குத் தேவையான இன்னொரு பாகத்தை வெளிநாட்டிலிருந்து வருவிக்கத் தடையில்லை என்று பதில் வந்தது. அன்றே ஷிரோமிக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அவள் அமைதியாகக் கேட்டாள்.

"என்னை என்ன சாமானெண்டு எழுதப் போறியள்?"

அவன் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான்.

"பதினோரு வருஷமா நீங்கள் இழுத்துவிட்டுப் போன இடத்திலையே நிக்கிறன்" என்றாள் ஷிரோமி. "ஹாண்ட் பிறேக் எண்டு எழுதுங்கோ."