மிகுந்த விஷமத்துடன்

தாய்மொழியைப் பேச மட்டும் தெரிந்து எழுதத் தெரியாதவர்கள், கோபம் வரும்போது கைப்பேசியைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட வேண்டும். நான் வைக்கவில்லை. அதனால் ஓர் இடியாப்ப மெஷினுக்காக ஜெயிலுக்குப் போகப் பார்த்தேன்.

எங்கள் குடும்பம் மிளகாய் வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரிக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பு மலையாளம். தமிழ் எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது நாள்காட்டித் தாளிலும் ஜவுளிக்கடைப் பைகளிலும்தான். எனக்கு வாய்த்த கணவர் முருகேசன் திண்டுக்கல்காரர், பள்ளியில் முறையாகத் தமிழ் படித்தவர். வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். எதை எழுதினாலும் அவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுப் போட்டிருக்கலாம். (எப்படிக் காட்டுவது? கல்யாணத்துக்கு முன் நான் அனுப்பிய முதல் தமிழ்க் கடிதத்தில் எழுத்துப்பிழைகளைச் சுழித்துத் திருப்பி அனுப்பிய மனிதர் அவர்.)

அப்போது நான் வீட்டிலிருந்தே காலைப் பலகாரம் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். தேவராவில் ஒரு பெண்கள் விடுதிக்குத் தினமும் இடியாப்பம் கொடுக்கும் வாய்ப்பு வந்தது. அது கிடைத்துவிட்டால் தனியாக ஒரு சின்ன சமையல்கூடமே போட்டுவிடலாம். விடுதி வார்டன் சிஸ்டருக்கு என் இடியாப்பம் பிடித்துவிட்டது. ஆனால் முன்பு பலகாரம் கொடுத்தவர் யாரோடோ சண்டை போட்டு, விடுதி வாசலுக்குப் போலீஸ் வந்துபோன கதை இருந்தது. அதனால் சிஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வம்பு வழக்கு ஒண்ணும் இல்லாத ஆளா இருக்கணும், மோளே. மாசம் பொறந்தா தொடங்கிக்கோ."

அத்தனை இடியாப்பத்தையும் கையால் பிழிந்தால் என் தோள்பட்டை தனியாக வந்துவிடும். இணையத்தில் தேடினேன். 'நூலழகி' என்று ஒரு மின்சார இடியாப்ப மெஷின், கோயம்புத்தூர்த் தயாரிப்பு. விளம்பர வீடியோவில் ஒரு பெண் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு ஒரே விரலால் பட்டனைத் தொடுகிறாள், நூல் நூலாக இடியாப்பம் இறங்குகிறது. நானும் தலையில் பூ வைத்துக்கொண்டு பட்டனைத் தொட்டேன். நூல் வரவில்லை. முதலில் ஒரு முனகல் வந்தது, பிறகு படகு கட்டுகிற கயிறு மாதிரி ஒன்று வந்தது, அப்புறம் மூடி கழன்று மாவு கூரைக்குப் போய்விட்டது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததால் மீதி மாவு எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தது.

பெட்டியில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. ஒரு வாரம் அழைத்தபின், அது உபயோகத்தில் இல்லாத எண் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. அந்த இனிமைதான் என்னைக் கெடுத்தது.

உடனே கம்பெனியின் பக்கத்திலும், நான் இருக்கும் சமையல் குழுவிலும் விமர்சனம் எழுத உட்கார்ந்தேன். மலையாளத்தில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் முதலாளி தமிழர், அவருக்கு நெஞ்சில் தைக்க வேண்டுமல்லவா? மெஷின் மிக மிக மோசம் என்று சொல்ல வேண்டும். வெறும் 'மோசம்' போதாது. இங்கேதான் என் மட்டாஞ்சேரி மூளை வேலை செய்தது. எங்கள் ஊரில் நன்றாக இருந்தால் 'பொளி', ரொம்ப நன்றாக இருந்தால் 'அடிபொளி'. அடி சேர்ந்தால் எதுவும் வலுக்கும். தமிழில் 'மோசடி' என்று ஒரு சொல்லை நான் கேட்டதும் உண்டு. மோசம், அதோடு அடி, ஆக மோசடி. இவ்வளவு எளிதான மொழியை ஏன் கஷ்டம் என்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன்.

'நூலழகி வாங்காதீர்கள். மெஷின் மோசடி. கம்பெனி மோசடி. முதலாளியும் மோசடி. மொத்தத்தில் பெரிய மோசடி.'

முருகேசன் கிடங்கிலிருந்தே அதற்கு ஒரு லைக் போட்டார். படிக்கவில்லை. நான் எதைப் போட்டாலும் லைக் போடுவது அவருடைய குடும்ப நிம்மதித் திட்டம்.

கொஞ்ச நாளில் பதிவுத் தபால் வந்தது. விடுதியிலிருந்து ஒப்பந்தம் என்று நினைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம்கூட வைத்துவிட்டேன். பிரித்தால் கோயம்புத்தூர் வக்கீல் ஒருவரின் நோட்டீஸ், கெட்டி ஆங்கிலத்தில். அவருடைய கட்சிக்காரரை மோசடிக்காரர் என்று பொதுவெளியில் சொன்னதால் அவதூறு. பதிவை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்காவிட்டால் சிவில் வழக்கு, கிரிமினல் வழக்கு இரண்டும் உண்டு.

அன்று சாயங்காலம் முருகேசனிடம் பதிவைக் காட்டினேன். வாய்விட்டுப் படித்தார். முதல் 'மோசடி'யில் நிறுத்தி என்னைப் பார்த்தார், கடைசி 'மோசடி'க்கு வரும்போது நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

"கலா, மோசடின்னா என்னன்னு நெனச்சு எழுதுன?"

"ரொம்ப மோசம்னு. பின்னே?"

"அடிப்பாவி! ஏமாத்துறதுன்னு அர்த்தம். ஊரை அடிச்சு ஒலையில போடுறவனத்தான் மோசடிக்காரன்னு சொல்லுவாங்க. அந்தாளை நாலு தடவை திருடன்னு எழுதியிருக்க. நான் வேற அதுக்கு லைக் போட்டிருக்கேன்!"

பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் சிஸ்டர் நின்றார், பின்னால் போலீஸ் நின்றது. மாதம் பிறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வழக்கு என்று ஒரு பேச்சு தேவரா வரை போனால் விடுதியும் போயிற்று, சமையல்கூடமும் போயிற்று.

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும், யாரையும் கேட்காமல் (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும்) கம்பெனியின் வாட்ஸாப்புக்கு ஒரு மன்னிப்பு அனுப்பினேன். மனதிலிருந்த வருத்தத்தையெல்லாம் கொட்டி எழுதினேன்.

'ஐயா, அந்தப் பதிவை மிகுந்த விஷமத்துடன்தான் எழுதினேன். இப்போது அதைவிட விஷமமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்தை நினைத்தாலே எனக்கு விஷமம் வருகிறது.'

மலையாளம் தெரிந்த யாரும் இதைப் படித்துக் கண் கலங்குவார்கள். மலையாளத்தில் விஷமம் என்றால் மனக்கஷ்டம். தமிழில் அது என்னவென்று இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். எனக்கும் அந்த வாரமே தெரிந்தது, இரண்டாவது நோட்டீஸ் மூலமாக. கெட்ட எண்ணத்துடனேயே அவதூறு செய்ததாக எதிர்த்தரப்பே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளது என்று அந்த வக்கீல் குறிப்பிட்டிருந்தார். அவர் அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்திருப்பார்.

இதற்குமேல் மறைக்க முடியாமல், எங்கள் சந்திலேயே குடியிருக்கும் ரெஜினாவிடம் ஓடினேன். ரெஜினா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், இப்போது எர்ணாகுளத்தில் வக்கீல். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆகவே என் கைவண்ணத்தை நானே அவளுக்கு மலையாளத்தில் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்க்கையில் நான் செய்த ஒரே மொழிபெயர்ப்பு அது. பாதியிலேயே அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து, எனக்காக அழுகிறாள் என்று நெகிழ்ந்துபோனேன்.

"எந்தொரு பணியாடி, என்ன வேலைடி காட்டியிருக்கே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, பயப்படாதே. நோட்டீஸ் வந்தா கேஸ் வந்ததுன்னு அர்த்தம் இல்லை. பில் இருக்கா? மாவு கூரைக்குப் போன வீடியோ இருக்கா? ஃபோன் பண்ணினது இருக்கா?"

எல்லாம் இருந்தது. கூரையில் மாவுகூட இன்னும் இருந்தது.

"பின்னே என்ன? மெஷின் ஓடலைன்னு எழுதினா அது நடந்தது, உன்னால காட்ட முடியும். மோசம்னு எழுதினா அது உன் கருத்து, காசு கொடுத்து வாங்கினவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. மோசடின்னா அந்தாள் மனசுல திட்டம் போட்டு ஏமாத்தினான்னு குற்றச்சாட்டு. அதை நீ எப்பிடி நிரூபிப்பே? அவன் மனசுக்குள்ள கேமரா வெச்சிருக்கியா?"

கூட வந்திருந்த முருகேசன் மெல்லக் கையைத் தூக்கினார். "சிஸ்டர்... சாரி, வக்கீல் மேடம், லைக் போட்டவனும் உள்ள போவானா?"

"வெறும் லைக்குக்கு யாரும் உங்களைத் தேடி வர மாட்டாங்க, சேட்டா. ஷேர் பண்ணலையே?"

முருகேசன் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "எங்க சித்தப்பா குரூப்புல மட்டும்..."

அந்தக் குரூப்பில் திண்டுக்கல்லில் பாதி இருக்கிறது. அப்போதே ரெஜினா அவரை அங்கேயே உட்காரவைத்து அதை அழிக்கச் சொன்னாள். என் பதிவை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகுதான் அதையும் எடுக்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"இனி அந்தாளுக்கு ஒரு எழுத்து எழுதக் கூடாது. தமிழ்ல ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அவங்க வக்கீல்கிட்ட சொல்லிட்டு நான் கூப்பிடறேன். நீ வாயால பேசு."

அப்படியே அந்த வக்கீலிடம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தாள். மறுமுனையில் முதலாளியே வந்தார், பெயர் சண்முகசுந்தரம். பெரிய ஆபீசும் கோட்டும் சூட்டும் என்று நான் கற்பனை செய்துவைத்திருந்த மனிதரின் குரல் லேசாக நடுங்கியது.

"சொல்லுங்கம்மிணி. இன்னும் என்ன விஷமம் பாக்கி இருக்குதுங்க?"

"ஐயோ, அண்ணா, விஷமம்னா எங்க ஊர்ல சங்கடம்! மனசு கஷ்டப்படறது! உங்களை நெனச்சு எனக்குச் சங்கடமா இருக்குன்னுதான் எழுதினேன். மோசடின்னா ரொம்ப மோசம்னு நெனச்சேன். நான் மலையாளம் படிச்சவ, அண்ணா. சத்தியமா உங்களைத் திருடன்னு சொல்லலை. மெஷினைத்தான் சொன்னேன். மெஷின் மோசம்தான், அதுல மாத்தம் இல்லை."

ரெஜினா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பக்கம் இருமல் மாதிரி ஏதோ கேட்டது. இருமல் இல்லை, சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "என்னங்க, அழுவறீங்களா?" என்று கேட்டது.

சிரித்து முடித்துவிட்டு அவர் தன் கதையைச் சொன்னார். அவரும் மனைவியும் இரண்டு வேலையாட்களும், அவ்வளவுதான் கம்பெனி. என் பதிவைப் பார்த்து ஒரு பெரிய கடைக்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார். மனைவி பயந்துபோய் அழுததால்தான் வக்கீலிடம் போயிருக்கிறார். சர்வீஸ் பார்த்த ஆள் வேலையை விட்டுப் போகும்போது கைப்பேசி எண்ணையும் கொண்டுபோய்விட்டானாம், பழைய பெட்டிகளில் எண்ணை மாற்ற இவர் மறந்திருக்கிறார். நான் இங்கே சிஸ்டரை நினைத்துத் தூங்காமல் கிடந்தபோது, அவர் அங்கே என்னை நினைத்துத் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

"அந்த லோடுல வந்த மோட்டார் சரியில்லைங்க. அது எங்க தப்புதானுங்க. வேற மெஷின் அனுப்பறேன்," என்றார்.

சொன்னபடியே அனுப்பினார். கோயம்புத்தூர் பஸ்ஸில் வந்த பெட்டியை வைட்டிலா பஸ் நிலையத்தில் போய் நானும் முருகேசனும் வாங்கிவந்தோம். இந்த முறை பூ வைத்துக்கொள்ளவில்லை, தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு பட்டனைத் தொட்டேன். நூல் நூலாக இறங்கியது. முருகேசன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து கைதட்டினார்.

கம்பெனி நோட்டீசைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்தது. ரெஜினா முன்னிலையில், முருகேசன் மேற்பார்வையில், நான் புது விமர்சனம் எழுதினேன். முதல் மெஷின் ஓடவில்லை, ஃபோன் எடுக்கவில்லை, பிறகு மாற்றிக் கொடுத்தார்கள், இப்போதுள்ளது நன்றாக ஓடுகிறது. மோசடி என்று எழுதியது என் தமிழின் கோளாறு என்று ஒரு வரியும் சேர்த்தேன். அதைப் படித்துவிட்டு அந்தப் பெரிய கடைக்காரர் மறுபடி ஆர்டர் கொடுத்தாராம். குறையையும் ஒத்துக்கொள்கிற கம்பெனி என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

மாதம் பிறந்தது, விடுதிக்கு இடியாப்பம் போனது, இன்றும் போகிறது. எதற்கும் இருக்கட்டும் என்று சிஸ்டரிடம் நானே முழுக்கதையையும் சொன்னேன். "கேஸ் இல்லியே? பின்னே தேங்காப்பால் எங்கே?" என்றார். இப்போது எங்கள் சமையல்கூடத்தில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூன்று நூலழகிகள் ஓடுகின்றன. என் இடியாப்பத்தைப் பற்றியும் இணையத்தில் யாராவது குறை எழுதத்தான் செய்கிறார்கள். கோபம் முட்டிக்கொண்டு வரும். உடனே அழைத்துப் பேசிவிடுவேன். எங்கள் எண் எப்போதும் உபயோகத்தில் இருக்கும்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை இல்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்று முருகேசன் வாயைத் திறந்தால், "கருத்தா, குற்றச்சாட்டா?" என்று நான் கேட்கிறேன். அவர் பணிவாக, "கருத்துதான், யுவர் ஆனர்," என்கிறார். உறவுக்காரர்கள் யாரும் எங்கள் வீட்டில் எதையும் மோசம் என்பதில்லை, எல்லாம் மோசடிதான். மழை மோசடி, பஸ் மோசடி, போன வருஷத்து மாங்காய் மோசடி.

சண்முகசுந்தரம் அண்ணன் ஓணத்துக்கும் தீபாவளிக்கும் தவறாமல் வாழ்த்து அனுப்புகிறார். இந்த ஓணத்துக்கும் வந்தது. குடும்பத்தில் எல்லோருடைய நலமும் விசாரித்துவிட்டு, கடைசியில் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

'மிகுந்த விஷமத்துடன், அண்ணன்.'