மங்கலம்பேட்டை மச்சானுக்கு: நான் பூசுவது பவுடர் இல்லை

கடலூர்,
18.7.2010, ஞாயிறு,
பூசை முடிந்து வந்த கையோடு.

மதிப்பிற்குரிய மூத்த மச்சான் சார்லஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன், போக்குவரத்து ஏட்டு ஆரோக்கியராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாதா கிருபையில் இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறையில்லை. அங்கே அக்காவின் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்றும், உங்கள் சிமெண்ட் கடை வியாபாரம் ஏறியிருக்கும் என்றும் நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதியில் "கடையில ஆளு நிக்குது மாப்ள" என்று நீங்கள் வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். போன மாதம் உங்கள் புதுவீட்டு விருந்தில், பந்தியில் நூறு பேர் இருக்கும்போது, "எங்க மாப்ள இப்ப மூஞ்சிக்கு கிரீம் பூசிக்கிட்டுத்தான் டூட்டிக்குப் போறாரு, ரெண்டாவது பொண்ணு பாக்குறாரோ என்னமோ" என்று சொன்னீர்கள். பாயசம் ஊற்ற வந்தவர் சிரித்த சிரிப்பில் என் இலையில் பாதி, பக்கத்தில் இருந்தவர் வேட்டியில் பாதி. முப்பது வருஷமாக நீங்கள் கடையில் முகம் முழுக்கச் சிமெண்ட் பூசிக்கொண்டு நிற்கிறீர்கள், அதை நான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா? போகட்டும். நடந்தது முழுதும் தெரிந்தால் நீங்களே வருத்தப்படுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நம் பெண் சிந்துஜா சிதம்பரத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருப்பதும், நம் இரண்டு குடும்பத்துக்கும் அவள்தான் முதல் டாக்டர் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் அவளுக்குத் தோல் பிரிவில் டூட்டி போட்டார்கள். அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தவள், நான் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் சோற்றைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருஷம் நாற்சந்தியில் நின்றதில் என் நெற்றி தொப்பிக்கு மேலே ஒரு ஆளுடையது போலவும் கீழே வேறு ஆளுடையது போலவும் இருப்பது நமக்குப் பழகிப்போனது. அவள் பார்த்தது அதை இல்லை. இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு படர்ந்திருந்ததை. "எத்தினி வருசமா இருக்குப்பா இது?" என்றாள். "அது வயசு ஆவுதும்மா" என்றேன். "வயசு கன்னத்துல மட்டும் ஆவுமா?" என்றாள். வெயில் தோலை எப்படிக் கெடுக்கும் என்று ஒரு மணி நேரம் சொன்னாள். ரசம் ஆறிவிட்டது. அடுத்த முறை வரும்போது பையிலிருந்து ஒரு ட்யூப் எடுத்து வைத்தாள். தோல் வறளாமலும் இருக்கும், வெயிலையும் தடுக்கும், இரண்டும் ஒன்றிலேயே இருக்கிறது, தினமும் காலையில் பூச வேண்டும் என்றாள். உங்கள் தங்கை உடனே, "பூசுனா அப்பா செவப்பாவாராடி?" என்று கேட்டாள். அதற்குச் சிந்துஜா சொன்னதை நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும்: "இது கலரு மாறுறதுக்கு இல்லம்மா. அப்பா கலரு அப்பாவுக்கு அழகாத்தான் இருக்கு. அது கெடாம இருக்கத்தான் இது."

மச்சான், என் கல்யாணத்தில்கூட யாரும் என் நிறத்தைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மறுநாளிலிருந்து பூச ஆரம்பித்தேன். விரல் இரண்டை நீட்டி, அந்த நீளத்துக்குப் பிதுக்கி, முகம், கழுத்து, காது எல்லாம் தடவி, கால் மணி நேரம் கழித்துத்தான் வெளியே கிளம்ப வேண்டும். வேர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வேர்வையை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை.

ஏப்ரல் கடைசியில்தான் அந்தச் சம்பவம். அன்று காலை பூசினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம், உங்கள் தங்கையைக் கேட்டேன், அவள் அடுப்பைப் பார்த்தபடியே "பூசல" என்றாள், பூசினேன், கண்ணாடியில் பார்த்தால் இரண்டாவது கோட்டிங் என்று தெரிகிறது, துடைத்தால் நேரமாகிவிடும் என்று அப்படியே போய்விட்டேன். பதினொன்றரைக்கு வேர்த்து ஊற்றியது. டாக்டர் சொன்னபடி மூன்றாவது தடவையும் பூசினேன், வேர்வையை ஒற்றி எடுக்கத்தான் மறந்துவிட்டேன். ஐந்தே நிமிஷத்தில் எல்லாம் கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. பச்சை மிளகாயைக் கிள்ளி வைத்தது மாதிரி எரிச்சல். இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கினேன். நான் கையை இறக்கியதை நான்கு பக்கமும் தங்களுக்கே வழிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். கண்ணைத் திறக்க முடியாமல் நான் நடுவில் நிற்கிறேன், என்னைச் சுற்றி ஹாரன் மட்டும் கேட்கிறது. விருத்தாசலம் பஸ், ஒரு கரும்பு டிராக்டர், ஒரு கல்யாண வேன் மூன்றும் மூக்கோடு மூக்கு உரசி நின்றுவிட்டன. பஸ் டிரைவர் கொளஞ்சியப்பன் தலையை வெளியே நீட்டி, "என்னா ஏட்டய்யா, அழுவுறீங்க? வூட்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?" என்றார். நல்ல மனுஷர். இறங்கி வந்து தன் பாட்டில் தண்ணீரை என் கண்ணில் ஊற்றி, என்னை ஓரமாக நிறுத்திவிட்டு, அவரே கையைக் காட்டி டிராக்டரைப் பின்னுக்கு அனுப்பினார். நான் வெள்ளையடித்த சுவர் மழையில் நனைந்த மாதிரி நின்றேன். அந்த நெரிசலில் நான்காவது வண்டி, எங்கள் இன்ஸ்பெக்டர் சபாபதி ஐயாவின் ஜீப்.

அவர் இறங்கி வந்து என் முகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"கிரீம் சார்."

"டூட்டில என்னய்யா கிரீம்?"

"வெயிலுக்கு சார். எம் பொண்ணு குடுத்தது. டாக்டரு சார்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார். மூக்கு மேலும் கன்னத்திலும் என்னைவிட ஜாஸ்தி மங்கு. "எனக்கும் ரொம்ப வருசமா இருக்குய்யா. இதுக்கெல்லாமா டாக்டர்கிட்ட போறதுன்னு விட்டுட்டேன். உம் பொண்ணு இங்க வருவாங்களா?" என்றார். மச்சான், வருவாங்களா என்றுதான் கேட்டார், வருமா என்று கேட்கவில்லை.

மே முதல் வாரம் சிந்துஜா வந்தாள். ஸ்டேஷன் மாடியில் போக்குவரத்துக்காரர்கள் இருபத்திரண்டு பேர், பெண் காவலர்கள் மூன்று பேர் முன் வரிசையில். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் எழுந்து நின்றபோது, பேச்சு வராமல் போய்விடுமோ என்று நான்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மேகமூட்டமாக இருந்தாலும் பூச வேண்டும், பூசிவிட்டோம் என்று தொப்பியை மறந்துவிடக் கூடாது, கண்ணுக்குப் பக்கத்தில் கவனமாகத் தடவ வேண்டும் என்று வரிசையாகச் சொன்னாள். கண் என்று சொன்னபோது எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒருவர், "ஆம்பளைங்க பூசலாமா மேடம்?" என்று கேட்டார். "வெயிலு ஆம்பளை பொம்பளை பாத்தா சார் அடிக்குது?" என்றாள். முன் வரிசையில் இருந்த மூன்று பேரும் கை தட்டினார்கள். கடைசியில், "அப்பா, வாங்க" என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எவ்வளவு எடுப்பது, எப்படித் தடவுவது என்று என் முகத்திலேயே செய்து காட்டினாள். இன்ஸ்பெக்டர் எழுந்து, "தேங்க்ஸ் மேடம்" என்றார். என் வீட்டிலிருந்து வந்த ஒருவரை என் அதிகாரி மேடம் என்று கூப்பிட்டதை நான் இந்தக் காதால் கேட்டேன். என்ன ஆனதோ தெரியவில்லை, அவர்களோடு சேர்ந்து நானும் விறைப்பாக எழுந்து நின்று அவளுக்குச் சல்யூட் அடித்துவிட்டேன். "அப்பா, கைய எறக்குங்க" என்று அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள். எனக்கு உடனே இறக்க வரவில்லை.

இப்போது முடிவைக் கேளுங்கள். மங்கு முக்கால்வாசி மறைந்துவிட்டது. சிந்துஜா பிப்ரவரியிலும் இந்த மாதமும் என் கன்னத்தைப் போட்டோ எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவளுடைய பெரிய டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். அவர், "இவ்வளவு ஒழுங்கா மருந்து பூசுற பேஷண்டை நான் பாத்ததில்லை" என்றாராம். அந்தப் பேஷண்ட் நான். இன்றும் பூசிக்கொண்டுதான் டூட்டிக்குப் போகிறேன். இதோடு பார்சலில் உங்களுக்கும் ஒரு ட்யூப் அனுப்பியிருக்கிறேன். சிமெண்டைக் கழுவிவிட்டுப் பூசவும். அடுத்த விருந்தில், அதே பந்தியில், இந்தக் கதையை நீங்களே எழுந்து சொல்ல வேண்டும். பாயசம் ஊற்றுகிறவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் முத்தங்கள். கர்த்தர் உங்கள் புதுவீட்டின் நிலைப்படி முதல் மொட்டைமாடி வரை காத்து நிற்பாராக.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
த. ஆரோக்கியராஜ்

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்துப் பார்த்த உங்கள் தங்கை, உண்மையை எழுதாமல் உறையை ஒட்டக் கூடாது என்கிறாள். அந்த நெரிசலுக்கு மறுநாளே இன்ஸ்பெக்டர் என்னை வயர்லெஸ் ரூமுக்கு மாற்றிவிட்டார். இரண்டு பேன் ஓடுகிறது, ஜன்னல் கிடையாது. இரண்டரை மாதமாக என் மேல் வெயில் படவே இல்லை. சிந்துஜாவுக்கு இது தெரியாது, தயவுசெய்து நீங்களும் சொல்லிவிடாதீர்கள். என்னை மறுபடி ரோட்டுக்கே அனுப்பச் சொல்லி நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும். என் பிள்ளை கொடுத்த மருந்து உண்மையிலேயே கேட்கிறது என்று வெயிலில் நின்று காட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.