ஃபிரிட்ஜ் மேல் இருந்த பழம்

காலை ஆறு மணி இருபது. சமையலறை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது என் மாமனாரின் ஆள்காட்டி விரல். அது இனிப்புக் கட்டிப்பால் டின்னுக்குள் இருந்தது.

"கெட்டுப்போச்சான்னு பார்த்தேன்மா" என்றார்.

கிளினிக்கில் அவருக்குச் சீனியை அடியோடு நிறுத்தச் சொல்லி இரண்டு வாரம் ஆகியிருந்தது. (நிறுத்தச் சொன்னது அவரிடம். காவல் காக்கும் வேலை மட்டும் எப்படியோ எனக்கு வந்து சேர்ந்தது.) கல்யாணமாகி, பண்டமாரானில் இருந்த அந்த வீட்டுக்கு நான் வந்த புதிது. ஒரு நாளிதழில் துணையாசிரியர் வேலை. யார் பிழையும் என் கண்ணுக்குத் தப்பாது என்ற திமிர் எனக்கு உண்டு. கோபம் வந்தால் அந்தக் கண் வேலை செய்யாது என்பது அன்றுதான் தெரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கணவர் வீட்டாரின் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. மாமியார் பாடகர் குழுவில் இருப்பவர். பயிற்சிக்கு அப்போதே கிளம்பிப் போய்விட்டார். நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் இந்துக் குடும்பத்தில் வளர்ந்தவள். அறுப்பின் பண்டிகை என்றால் பாட்டு கொஞ்சம் நீளும், சாப்பாடு நிறைய இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. சாப்பாடுதான் கவலை. ஆராதனை முடிந்ததும் கேசரியும் கேக்கும் மேசை நிறைய இருக்கும்; மாமனார் அதில் இறங்கிவிடுவார். ஆகவே, சீனி போடாமல் பழத்தில் சூடாக ஏதாவது செய்து, கொஞ்சம் இப்போது கொடுத்து, மீதியைச் சூடு ஆறாத டப்பாவில் சபைக்கே கொண்டுபோவதாக முடிவு செய்தேன்.

குளியலறைக் கதவைத் தட்டினேன். உள்ளே என் கணவர்.

"ஸ்டீபன், வீட்ல பழம் இருக்கா?"

"ஃபிரிட்ஜ் மேல இருக்குல்ல."

இருந்தது. பழைய பேப்பரில் சுற்றிய ஒரு முழுச் சீப்பு பீசாங் ராஜா வாழைப்பழம். ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே மஞ்சள், ஒரு கரும்புள்ளி இல்லை. சுற்றியிருந்தது எங்கள் பத்திரிகை. நான் தலைப்புப் போட்ட பக்கம்.

இந்த இடத்தில் என் தரப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் சாமிக்குப் போகும் பழம் சாமி அறையில், தாம்பாளத்தில், வெற்றிலை பாக்கோடு இருக்கும். கைக்குழந்தைகூடத் தொடாது. இங்கே ஒரு பக்கம் கொசுவர்த்தி, இன்னொரு பக்கம் டார்ச் லைட், நடுவில் பேப்பர் பொட்டலம். அது கர்த்தருக்கான காணிக்கை என்று எவளுக்குத் தெரியும்?

கட்டிப்பால் கோபம் ஆறாமலே மொத்தச் சீப்பையும் உரித்தேன். வில்லை வில்லையாக நறுக்கி, சட்டியில் அரைக் கரண்டி நெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்கும்வரை புரட்டினேன். ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் பட்டைத்தூள், ஒரு பிடி தேங்காய்த் துருவல், இறக்கியதும் சில சொட்டு எலுமிச்சை. ஐந்து நிமிட வேலை. நான்கு வில்லைகளைத் தட்டில் வைத்து மாமனாரிடம் நீட்டினேன்.

முதல் வாயிலேயே முகம் மாறியது.

"சீனி போடலயாம்மா?"

"ஒரு துளிகூட இல்ல மாமா."

"பொய் சொல்லாத. தேன் மாதிரி இருக்கு. என்ன பழம் இது?"

"ஃபிரிட்ஜ் மேல இருந்துச்சே, அந்தப் பீசாங் ராஜா."

கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்துபோய் ஃபிரிட்ஜின் மேலே பார்த்தார். குப்பைத் தொட்டியில் தோலைப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்து, மீதி இருந்த மூன்று வில்லைகளையும் சாப்பிட்டு முடித்தார். (இதை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்கிறேன்.) அப்புறம்தான், "மூணு வருஷம்" என்றார்.

துண்டோடு ஓடிவந்த ஸ்டீபன் எனக்கு விளக்கம் சொன்னார். அறுப்பின் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து பலிபீடத்தின் முன்னால் வைக்கும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். சிறந்ததைக் கடைசியில்தான் கூவுவார்கள், அதுதான் கௌரவம். வருடா வருடம் அந்தக் கடைசி இடம் பக்கத்து ஊரான மேருவில் இருக்கும் சாமுவேல் அங்கிளின் பலாப்பழத்துக்கு. அவரைத் தோற்கடிக்கத்தான் மாமனார் பின்வாசல் சாக்கடை ஓரமாக அந்த வாழையை வைத்தார். ஒரு வருடம் குரங்கு தின்றது. ஒரு வருடம் வெள்ளம் சாய்த்தது. இந்த வருடம்தான் ஒரே ஒரு சீப்பாவது பழுத்தது. அதை மருமகள் வறுத்துவிட்டாள்.

"நீங்கதானே ஃபிரிட்ஜ் மேல இருக்குன்னு சொன்னீங்க?"

"எங்க இருக்குன்னுதான் சொன்னேன். எடுத்துக்கோன்னு சொன்னேனா?"

ஈரத் தலையோடு நின்று இந்தப் பதிலைச் சொன்ன மனிதரோடுதான் நான் இன்னும் குடித்தனம் நடத்துகிறேன்.

காரில் மாமனார் முன்சீட்டில் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டீபன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வாயசைவில் "சாரி சொல்லு" என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். டப்பா என் மடியில் சூடாக இருந்தது. அதைவிட நான் சூடாக இருந்தேன்.

சபை வாசலிலேயே சாமுவேல் அங்கிள் பிடித்துக்கொண்டார். பின்னால் இரண்டு பேர் பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன பிரதர், வருஷம் பூரா ராஜா ராஜான்னு சொன்னீங்க. கை வீசிட்டு வரீங்க? இந்த வருஷமும் குரங்கா?"

மாமனார் என்னைப் பார்த்தார். 'குரங்குதான்' என்று சொல்லியிருந்தால் நான் அன்றே பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறியிருப்பேன். அவர் சொல்லவில்லை. என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போய், பூசணிக்காய்க்கும் கருணைக்கிழங்குக்கும் நடுவில் வைத்தார்.

ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கியது. இந்த முறையும் பலாப்பழம்தான் கடைசி என்றே எல்லோரும் நினைத்தார்கள். அது ஏலம் போனதும் எழுந்தும்விட்டார்கள். டப்பா மட்டும் மிச்சம். ஏலம் விட்ட சபை மூப்பர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரு டிபனை மறந்து வச்சது?"

"காணிக்கைதான், ஐயா" என்றார் மாமனார். "மருமக சொல்லுவா."

இருநூறு தலைகள் திரும்பின. நான் எழுந்து நின்று, "வாழைப்பழம். நெய்யில புரட்டினது. சீனி இல்ல" என்றேன்.

"சீனி இல்லாத பலகாரமா? நாங்க என்ன பாவம்லா செஞ்சோம்?" என்று பின்வரிசையில் ஓர் ஆன்டி கேட்க, மண்டபமே சிரித்தது. என் மாமியார் பாடகர் வரிசையில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மூப்பர் மூடியைத் திறந்தார். ஆவி எழுந்தது. பட்டையும் நெய்யும் கலந்த வாசனை முதல் வரிசையைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. மாமனார் தன் பழத்துக்குத் தானே முதல் விலை கேட்டார். உடனே சாமுவேல் அங்கிள் கூட்டினார். இவர் ஏற்றினார், அவர் மேலும் ஏற்றினார். பலாப்பழம் போன விலையைத் தாண்டியபோது ஸ்டீபன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

டப்பா சாமுவேல் அங்கிளுக்குப் போனது. அன்று கடைசியாகக் கூவப்பட்டது என் மாமனாரின் பழம். அவர் எழுந்து என் பக்கம் வந்து, "அடுத்த வருஷம் தேங்காய் கொஞ்சம் கூடப் போடும்மா" என்றார். மன்னிப்பு கேட்க வேண்டியவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை. இன்றும் எங்கள் வீட்டில் கார்ச்சாவி, கண்ணாடி, ரிமோட் எது எங்கே என்று நான் கேட்டாலும், மொத்தக் குடும்பமும் சேர்ந்து சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஃபிரிட்ஜ் மேல இருக்குல்ல." ஸ்டீபன்தான் முதலில் சொல்வார்.

அன்று சாமுவேல் அங்கிள் வீடுவரை காத்திருக்கவில்லை. தேநீர் மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார். பக்கத்திலிருந்த சீனிக் கிண்ணத்தை இழுத்து, மேலே இரண்டு கரண்டி தூவிக்கொண்டு சாப்பிட்டார்.