ஸ்வில்பி என்னும் புராதனச் சின்னம்

இங்கிலாந்து முழுவதிலும் ஸ்வில்பி என்ற குடும்பப் பெயருக்கு ஒரே ஒருத்திதான் மிச்சம் என்று மரபுப் பாதுகாப்புத் துறை கண்டறிந்தது. நெதர்வோல்ட் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற வினிஃப்ரெட். அவளுக்கு அறுபத்திரண்டு வயது, பெயருக்குத் தொள்ளாயிரம். பெயரைக் காப்பாற்றுவதென்று துறை முடிவு செய்தது.

பன்றிக்குக் கழனித்தண்ணீர் ஊற்றிய இடம் என்று அதற்குப் பொருள். பள்ளிப் பிள்ளைகள் அவளைக் கண்டால் உறுமுவார்கள். ஆகவே நெடுநாள் சிநேகிதர் சிரில் பிரவுன், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "கட்டிக்கலாமா வின்னி?" என்றபோது, அவள் மனம் திருமதி பிரவுன் என்று சொல்லிப் பார்த்தது. மழையைப் போல் சாதாரணமான பெயர். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஞாயிறன்று தேவாலயத்தில் பாதிரியார் நடக்கவிருக்கும் கல்யாணத்தை அறிவித்து, "இத்திருமணத்துக்குத் தடை அறிந்தவர் உண்டா?" என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைப் புரட்டினார். பின்வரிசையில் கோப்போடு ஒருவர் எழுந்தார்.

"உண்டு. நான் ஹார்ட்லிப், மரபுப் பாதுகாப்பு அதிகாரி. இந்தம்மாவோட பேரு இரண்டாம் தரப் புராதனச் சின்னம். இடிக்கவோ மாத்தவோ கூடாது."

"என் பேரு என்ன கோட்டைச் சுவரா?"

"கல்யாணம் பண்ணிக்கலாம்மா. பிரவுன் ஆகத்தான் கூடாது."

"பிரவுன் ஆகத்தானேய்யா கல்யாணமே!"

"என்னது?" என்றார் சிரில்.

மறுநாள் அவள் வாசலில் பலகை முளைத்தது: நார்மன் படையோடு கடல் கடந்து வந்த மாவீரர் ஸ்வில்பியின் வழித்தோன்றல் இங்கு வசிக்கிறார்.

"மாவீரரா? பன்னிக் கழனின்னு கோயில் பதிவேட்டுலயே இருக்கே!"

"கழனிக்குப் பலகை வைக்க விதியில்லம்மா. பலகை வச்சாச்சு. இனி வீரர் இருந்தே ஆகணும்."

ஊர் பலகையைப் படித்தது. கசாப்புக் கடைக்காரர் தன் வம்சம் அறிய எச்சில் பரிசோதனை செய்து, "நாலு சதவீதம் ஸ்வில்பி!" என்று மார்தட்டினார். பெயர் மாற்ற இரண்டு சாட்சி போதும். வசந்தத்துக்குள் பாதிரியார் உட்பட ஊரே ஸ்வில்பி.

ஹார்ட்லிப் வாடிய முகத்தோடு பலகையைக் கழற்றினார். "அரிய பேரு இல்லைன்னு ஆயிடுச்சு. பாதுகாப்பு ரத்து."

வினிஃப்ரெட் சிரில் வீட்டுக்கு ஓடினாள். அவர் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"பேரை விட முடியாம தவிச்சியே வின்னி! உனக்காக நானும் ஸ்வில்பி ஆயிட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்தாள். "அட பாவி மனுஷா! நாளைக்கே திரும்பப் பிரவுன் ஆயிடு."

"ஆகக் கூடாதும்மா," என்றது வேலிக்கு அப்பால் ஹார்ட்லிப்பின் குரல். "இந்த ஊரோட கடைசிப் பிரவுன் அவர்தான். அழிஞ்சுபோன பேரை அனுமதியில்லாம யாரும் எடுத்து உபயோகிக்க முடியாது."

கல்யாணத்தன்று பாதிரியார் ஸ்வில்பி, "ஸ்வில்பி!" என்று அழைத்தார். தேவாலயம் முழுவதும், "என்ன?" என்றது. யாருமே வினிஃப்ரெட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாழ்நாளில் முதன்முறையாக நிம்மதியாகச் சிரித்தாள்.

வெளியே ஹார்ட்லிப் புதுப் பலகைக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். கசாப்புக் கடைக்காரர் எட்டிப் படித்தார்.

"மாவீரர் பிரவுனா? அடடே, எங்கம்மா பொறந்த வீட்டுப் பேராச்சே!"